நிறுத்திவிட்ட குளிர்

அந்தச் சின்ச்சில்லாவைக் கொன்றது ஷெல் சத்தம் அல்ல. நான்.

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி.

சண்டை மறுபடி மூண்டிருந்த காலம். நிவாரணப் பணிக்காகக் கனடாவிலிருந்து வந்த தமிழ் டொக்டர் ஒருவரின் வீட்டில், துறைமுகத்தை அடுத்த ஓர்ஸ் ஹில்லில், சமையல் வேலைக்கு இருந்தேன். அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். கொழும்பில் வாங்கிய அந்தப் பிராணியை அவர் பிள்ளைபோல வளர்த்தார். அணிலும் முயலும் கலந்தாற்போல ஒரு சீவன். குளிர்ந்த மலைகளில் வாழும் இனம். உடம்பெல்லாம் அடர்ந்த மயிர். வெக்கை தாங்காது.

"ஏசியை மட்டும் நிப்பாட்டிப்போடாதை. காது சிவந்தா, அதுக்கு ஏலாமப் போகுதெண்டு அர்த்தம்," என்று சொல்லிவிட்டுத்தான் முகாம்களுக்குப் புறப்படுவார்.

அப்போது என் தங்கை மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து, கைக்குழந்தையோடு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தாள். அன்று காலை போய்ப் பார்த்தேன். பிள்ளையின் முதுகெல்லாம் வேர்க்குரு. அழுதழுது குரல் கம்மிவிட்டது. திரும்பி வந்து அந்த அறைக் கதவைத் திறந்தால்... குளுகுளுவென்ற காற்றில் அது சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஏசியை நிறுத்தினேன். யன்னலைத் திறந்து வெயிலை உள்ளே விட்டேன்.

மத்தியானம் எட்டிப் பார்த்தேன். காது சிவந்திருந்தது. சரிந்து கிடந்து மூச்சு வாங்கியது. பார்த்துவிட்டுக் குசினிக்குப் போய் வெங்காயம் உரித்தேன். மறந்துபோனேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அதன் மூச்சு நின்ற பிறகுதான் துறைமுகப் பக்கம் ஷெல் அடி தொடங்கியது.

தங்கையின் பிள்ளைக்காகவா செய்தேன்? அந்தக் குளிர் துளிகூட அவனுக்குப் போய்ச் சேரவில்லையே! வாய் திறந்து கேட்டிருந்தால், அக்கா இருவரையும் வீட்டுக்கே கூட்டிவந்திருப்பார். நான் கேட்கவில்லை. அது பொறாமை... வேறொன்றுமில்லை.

அக்கா வருமுன் யன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டுவிட்டேன்.

"ஷெல் சத்தத்துக்குப் பயந்து செத்துப்போச்சுது அக்கா."

எல்லாப் பழியையும் சண்டைமேல் போடக்கூடிய ஊரில் என்னை யார் சந்தேகப்படுவார்? அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "என்ர பிழைதான். இந்தச் சண்டைக்குள்ள அதைக் கொண்டுவந்திருக்கக் கூடாது."

இப்போதும் கனடாவிலிருந்து பேசுவார். போன கிழமையும் அந்தக் கதை வந்தது.

"அண்டைக்கு உன்னைத் தனிய விட்டிட்டுப் போனனே. நீ எவ்வளவு பயந்திருப்பாய்."



"ஓம் அக்கா," என்றேன். "சரியான பயம்."