மூன்றாம் மாடியில் அத்தை

லிஃப்டு மாமாவுக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே ஜந்து மெமரி கார்டு. லிஃப்டைப் பேச வைக்கும் புரோகிராம் எழுதுவது அவர் வேலை. குரல் கோப்புகளைக் கார்டில் போட்டு அனுப்பினால், ரிப்பேருக்கு வருகிறவர்கள் அதைக் கழற்றித் தங்கள் போனில் சொருகிக்கொண்டு போய்விடுவார்கள். லிஃப்டு ஊமையாகும். திட்டு மட்டும் மாமாவுக்கு வந்து சேரும்.

ஒருநாள் கடுப்பேறி, குரலையே எண்களாக மாற்றி, லிஃப்டின் புரோகிராமுக்குள் வரிசையாக ஒட்டி, எல்லாவற்றையும் கழற்ற முடியாத ஒரே சிப்பில் ஏற்றிவிட்டார்.

"இப்பக் கழட்டுங்கடா பாக்கலாம்!"

குரல் அத்தையுடையது. தெருவுக்கே அவர் மாமா என்பதால், அவர் மனைவி தெருவுக்கே அத்தை.

புது ஆஸ்பத்திரியில் அந்த லிஃப்டு ஓடத் தொடங்கிய அன்று, மாமாவோடு அத்தை தன் தங்கைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். கீபோர்டைத் தட்டும் மாமாவின் வேலையை "அந்த டொக்கு டொக்கு" என்று நக்கலடிக்கிறவர்கள். இன்றைக்கு அவர்கள் வாயை அடைத்தே ஆக வேண்டும். அத்தைக்கு மானப் பிரச்சினை.

முதல் மாடி, இரண்டாம் மாடி. குரல் தேனாக வழிந்தது.

"அக்கா, நீயா இது? வீட்டுல இப்படிப் பேசி நாங்க கேட்டதே இல்லையே!" என்றாள் சின்னவள்.

"மூன்றாம் மாடி" என்று சொன்ன லிஃப்டு, மூச்சுகூட விடாமல் தொடர்ந்தது: "ஈரத் துண்டக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? காதுல என்ன பஞ்சா?"

ஓரமாக நின்ற பெரியவர் ஒருவர், கையிலிருந்த துண்டை அவசரமாகப் பைக்குள் திணித்தார்.

என்ன நடந்தது என்று மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. மூன்றாம் மாடியைச் சொல்லும்போது அத்தை தும்மியதால் மறுபடி பதிந்திருந்தார். புதுப் பதிவு சின்னது. புரோகிராமில் கையால் எழுதிய பழைய நீளத்தை மாற்ற மறந்துவிட்டார். குரல் முடிந்த பிறகும், நீளம் தீரவில்லையே என்று லிஃப்டு அடுத்திருந்த பதிவுக்குள் புகுந்துவிட்டது. அது, லிஃப்டு சரியாகப் பேசுகிறதா என்று பார்க்க அவர் முதன்முதலில் ஒட்டிய அத்தையின் பழைய திட்டு. எடுக்க மனசு வராமல் அங்கேயே விட்டிருந்தார்.

தங்கைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கதவு திறந்ததும் அத்தை விறுவிறுவென்று படியில் இறங்கினாள். மாமா பின்னாலேயே ஓடினார்.

"இத எப்பப் பதிஞ்சீங்க?"

"உங்கம்மாவுக்கு ஆபரேஷன்னு நீ கிளம்புனியே, அதுக்கு முன்னாடி."

"எதுக்கு?"

"நீ இல்லாம வீடு சத்தமே இல்லாமக் கிடக்குமேன்னு..."

"அதுக்குத் திட்டறதையா பதிவாங்க? அன்பா ஒரு வார்த்த கிடைக்கலையா?"

"பதியலாம்னு நான் போனக் கையில எடுக்கறதுக்குள்ள அது முடிஞ்சிடுது. இதுதான் கொஞ்சம் நீளமா வந்துச்சு."

அத்தை அவரையே முறைத்துப் பார்த்தாள். முறைப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

"வாங்க, மேல போலாம்."

"மேலயா? எதுக்கு?"

"அவளுங்க சிரிக்கறாளுங்கல்ல? அவளுங்க பேச்ச அவங்கவங்க வீட்டுக்காரரு எங்கயாவது எடுத்து வெச்சிருக்காரான்னு கேட்டுட்டு வரேன்."