ஏலக்காரரின் மூன்று நிமிடம்

2004 பிப்ரவரி 10: இரண்டு கோடி டாலர்.
2005 பிப்ரவரி 8: ஒன்றரைக் கோடி.
2006 பிப்ரவரி 14: அறுபது லட்சம்.
2007 பிப்ரவரி 13: இருபது லட்சம்.
2008 பிப்ரவரி 12: ஐந்து லட்சம்.
2009 மார்ச் 10: ஒரு லட்சம்.

தட்டில் மிஞ்சிய கடைசி இனிப்பு ரொட்டியை லைல் கூபிசெக் சும்மா எடுத்துக்கொள்ள மாட்டார், ஏலம் விடுவார். சட்டமன்றக் கட்டடத்தின் அடித்தள உணவகத்தில், சில்லி என்ற காரக் குழம்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து சிறிய வால்நட் மரச் சுத்தியலை எடுப்பார். "கால் டாலர், கால் டாலர், அரை யாரு? பச்சைச் சட்டை அம்மா அரை, முக்கால் யாரு, ஒரு தரம், ரெண்டு தரம்..." மேசையில் சுத்தியலால் ஒரே அடி. பிறகு சுத்தியலைத் திருப்பி, வாங்கியவரை நோக்கி நீட்டுவார். பொருள் இன்னாருடையது என்று அவர் வாயால் சொல்வதில்லை, சுத்தியல்தான் காட்டும்.

வயது எழுபத்து மூன்று. பிளம் ஃபோர்க் என்ற சோள ஊரில் நாற்பத்தோரு ஆண்டு ஏலக்காரராக இருந்தவர். மாடு, டிராக்டர், இறந்தவர் வீட்டுப் பீங்கான் எல்லாம் அவர் நாக்கு வழியாகத்தான் கைமாறின. எதைப் பார்த்தாலும் விலை சொல்வார். முதல் நாள் சட்டமன்றத்தில் என்னைப் பார்த்ததும், "இந்தக் கோட்டு இருபது டாலர் போகும். உள்ள இருக்கற ஆளத்தான் யாரும் ஏலத்துல கேக்க மாட்டாங்க" என்றார்.

பிறர் நடத்தும் ஏலத்தில் அவர் எதையும் வாங்குவதில்லை. ஒரே ஒரு முறை வாங்கினார். 2002 அக்டோபரில் பக்கத்து மாவட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். ஏலத்தில் விரல் அசைந்தாலே விலை கேட்டதாகத்தான் கணக்கு. தன் வலது கை தானாக ஆடிக்கொண்டிருந்தது அவருக்கே தெரியவில்லை. துருப்பிடித்த வைக்கோல் கட்டும் எந்திரம் ஒன்று எழுநூறு டாலருக்கு அவர் தலையில் விழுந்தது. சண்டை போடப் போனவரிடம் அந்த ஊர் ஏலக்காரர், "இப்பவும் கைய ஆட்டிட்டுத்தானய்யா நிக்கற, லைல்" என்றாராம். மறு வாரம் மருத்துவர் அதற்குப் பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார். "வியாதி எழுநூறு டாலர், மெஷின் இனாம்" என்பது லைலின் கணக்கு. எதையாவது இறுகப் பிடித்தால் நடுக்கம் சற்று அடங்கும். சுத்தியல் பைக்குள் வந்தது அப்போதுதான்.

இந்த வியாதியால் மூளையில் சாகும் உயிரணுக்களுக்குப் பதிலாகப் புதியவற்றை வளர்க்க முடியுமா என்று எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிலர் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதற்குக் கருவின் ஸ்டெம் செல்கள் வேண்டும். பெற்றோர் இனி வேண்டாம் என்று விட்டுப்போன கருக்கள் கருத்தரிப்பு மருத்துவமனைகளில் உறைந்து கிடந்தன. ஆனால் செல்லை எடுத்தால் கரு அழிந்துவிடும். அதனால், 2001 ஆகஸ்ட் 9க்கு முன்பே பிரித்தெடுத்த செல்களுக்கு மட்டுமே மத்திய அரசின் பணம் என்று அன்றைய அமெரிக்க அதிபர் கோடு கிழித்தார். புதியவற்றுக்கு மாநிலமாவது கொடுக்கட்டும் என்று ஆண்டுதோறும் ஒரு மசோதா எங்கள் சட்டமன்றக் குழுவுக்கு வரும். மேலே எழுதியவை அது வந்த நாட்களும் கேட்ட தொகைகளும். பொதுமக்களில் யாரும் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். பேசுமுன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். தன் நேரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. நான் குழுவின் எழுத்தர். நேரம் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் என் மேசையில் இருந்தன.

முதல் ஆண்டு ஆதரித்துப் பேசியவர்கள் எல்லாரும் வருங்காலச் சந்ததிக்காகப் பேசினார்கள். லைல் அப்படிப் பேசவில்லை. "எனக்கு வேணும். பிறக்கப்போற பிள்ளைங்களுக்குன்னு பொய் சொல்ல மாட்டேன். நான் பேசிப் பொழைக்கற ஆளு. நாக்கு போயிட்டா நான் போயிட்டேன். குப்பைக்குப் போறதத்தான் கேக்கறேன், குடுங்க." எழுதி வந்த இரண்டு பக்கத்தை ஒரு நிமிடத்தில் முடித்தார். சுருக்கெழுத்துப் பெண் கையை உதறிக்கொண்டாள். "தலைவரே, இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கு. யாருக்காவது மாடு விக்கணுமா?" தலைவர் டெம்மிங் கூடச் சிரித்துவிட்டார். ஆனால் மத்திய அரசே தொடத் தயங்குவதை மாநிலம் ஏன் தொட வேண்டும் என்று கேட்டு மசோதாவைக் கிடப்பில் போட்டார்.

மறு ஆண்டு லைலின் ஓட்டுநர் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். அதிலிருந்து அவரைக் காரில் அழைத்து வருபவர் அதே ஊர்ப் பள்ளிச் சமையல்காரர் பெர்னடெட் ஓர்ட்மன். மசோதாவை எதிர்த்துப் பேசுபவர். அவருடைய மகள், வேறொரு தம்பதி விட்டுப்போன உறைந்த கருவைக் கேட்டு வாங்கிச் சுமந்து பெற்றாள். அந்தப் பேத்தியின் புகைப்படத்தைத் தூக்கிக் காட்டுவதுதான் பெர்னடெட்டின் சாட்சியம்.

"எதிர்க்கட்சிக்காரி வண்டில ஏறி வர்றீங்களே, வெக்கமா இல்ல?" என்பார் பெர்னடெட்.

"பெட்ரோல் உன் கட்சியோடது. எனக்கென்ன நஷ்டம்?" என்பார் லைல்.

1985இல் பெர்னடெட்டின் தந்தையுடைய பண்ணை கடனில் முழுகி ஏலத்துக்கு வந்தது. சுத்தியல் பிடித்தவர் லைல். கலப்பை, கறவை மாடு எல்லாம் மழை பெய்வதுபோல் விற்றுத் தீர்ந்தன. தந்தையின் குதிரைச் சேணம் வந்ததும் அந்த வாய் திடீரென்று தடுமாறியது. மூக்கைச் சிந்தினார், தண்ணீர் கேட்டார், சொன்ன விலையை மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினார். கூட்டத்துக்குப் பின்னால் அழுதுகொண்டு நின்ற மகள் கையைத் தூக்கிய பிறகுதான் சுத்தியல் விழுந்தது. இது பெர்னடெட் சொல்லி எனக்குத் தெரியும். லைலைக் கேட்டால், "அன்னிக்கு எனக்குச் சளி" என்பார்.

2006இல் அதே இரண்டு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் வேண்டியிருந்தது. 2007இல் பாதியிலேயே சிவப்பு எரிந்தது. குரல் மெலிந்து, ஒலிவாங்கியை உதட்டில் ஒட்ட வைத்தாலும் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. அதற்குப் பின் பேச்சை வெட்டத் தொடங்கினார். 2008இல், விசாரணை அறைக்கு வெளியே மர பெஞ்சில், பென்சிலும் தாளுமாக இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தக் குப்பைங்கற வார்த்தைய எடுங்க."

"உன் பேத்திய யாரு கேட்டா, பெர்னி? வேண்டாம்னு தூக்கிப் போடறதத்தான கேக்கறேன்."

"அவளும் தூக்கிப் போட இருந்தவதான்."

லைல் பென்சில் முனையை அந்தச் சொல்லின் மேல் வைத்தார். "அந்த ஐஸ் பொட்டிக்குள்ள கெடக்கற அத்தனைக்கும் ஒரு தாய் கெடைப்பாளா?"

"கெடைக்க மாட்டா. அதுக்காகப் பிச்சு எடுத்துக்கலாம்னு ஆயிடுமா?"

"அப்ப நான்?"

 பெர்னடெட் கைக்குட்டையை எடுத்து அவர் மோவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்தார். உள்ளிருந்து பெயர் கூப்பிடும் சமயத்தில் லைல் அந்த ஒரு சொல்லைப் பென்சிலால் அடித்தார். "நேரம் பத்தல. அதான்" என்றார்.

2009 மார்ச் 9 அன்று புதிய அதிபர், முன்னவர் கிழித்த கோட்டை அழித்தார். மறுநாள் எங்கள் விசாரணை. சக்கர நாற்காலியில் வந்த லைலிடம் இப்போது மூன்றே வாக்கியம் இருந்தது. அவை விசாரணையின் பதிவுக் குறிப்பில் ஏற வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அடுத்த ஆண்டு குரலே இருக்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வாசலில் தாளை பெர்னடெட்டிடம் நீட்டினார். "நீ... படி."

"உங்களுக்காக என்ன வேணா செய்வேன், லைல். இத மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்."

அவரே பேசினார். பெயரை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மஞ்சள் விளக்கு வந்துவிட்டது. ஊர்ப் பெயர் சொன்னார். "எனக்கு" என்றார். சிவப்பு.

"நன்றி, திரு. கூபிசெக்" என்றார் தலைவர்.

அடுத்த பெயரை நான் கூப்பிட்டேன். பெர்னடெட் எழுந்து வந்து லைலின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். பெயர், ஊர், எதிர்ப்பு என்று மூன்றையும் தெளிவாகச் சொன்னார். புகைப்படத்தை வெளியே எடுக்கவில்லை. ஒலிவாங்கியின் கழுத்தை வளைத்து லைலின் வாயருகே கொண்டுபோய் விட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டார்.

"அம்மா, உங்க நேரத்த இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது" என்றார் தலைவர்.

"நான் யாருக்கும் குடுக்கலீங்க. யோசிச்சிட்டு இருக்கேன்."

"வேணும்" என்றார் லைல். பிறகு நாக்கைப் பற்றிய வாக்கியம். ஒவ்வொரு சொல்லுக்கும் நெஞ்சிலிருந்து மூச்சைத் தேடி எடுத்து வந்தார். அறையில் யாரும் தாளைப் புரட்டவில்லை. பெர்னடெட் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.  சிவப்பு எரிவதற்குச் சற்று முன்னால், "குடுங்க" என்று முடிந்தது.

மத்திய அரசே பணப்பெட்டியைத் திறந்துவிட்டபோது மாநிலம் ஏன் கொடுக்க வேண்டும் என்று தலைவர் கேட்டார். வாக்கெடுப்பில் ஆறுக்கு இரண்டு என்று மசோதா தோற்றது. லைலையும் பெர்னடெட்டையும் அனுப்பிய பிறகுதான் சாட்சி மேசையில் சுத்தியல் கிடந்ததைப் பார்த்தேன்.

அந்த மாதக் கடைசியில் எனக்குப் பணி ஓய்வு. சுத்தியலை எடுத்துக்கொண்டு பிளம் ஃபோர்க் போனேன். பெர்னடெட் லைலுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். தபால்காரர் வந்தது அப்போதுதான். குழுவின் முத்திரை போட்ட உறை. பெர்னடெட் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தார்; படித்துக் காட்டினார்.

மசோதா கைவிடப்பட்டது, இந்தப் பொருளைக் குழு இனி எடுத்துக்கொள்ளாது. இரண்டாவது வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டார். லைல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் படிக்கணுமா?" என்று கேட்டார் பெர்னடெட். லைல் இமையை மூடித் திறந்தார். பெர்னடெட் மிச்சத்தையும் படித்தார். விதிக்கு மாறாகத் திருமதி ஓர்ட்மனின் நேரத்தில் திரு. கூபிசெக் பேசிய சொற்கள் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன.

"இப்படி ஜெயிக்கணும்னு நான் கேக்கல, லைல்" என்றார் பெர்னடெட்.

நான் சுத்தியலை லைலின் கையில் வைத்தேன். வலது கை நாற்காலிக் கைப்பிடியில் தானாகத் தடதடவென்று அடித்தது. அவர் பொறுத்திருந்தார். பிடி இறுகி, நடுக்கம் மெல்ல அடங்கியது. ஒரே ஒரு தட்டு தட்டினார். பிறகு சுத்தியலைத் திருப்பி, கடிதத்தோடு நின்ற பெர்னடெட்டை நோக்கி நீட்டினார். நீட்டிய கையை இறக்கவில்லை.

கடிதம் வந்தது 2009 ஏப்ரல் 3.