போட்டு கரை சேரும்வரை

கடைசி ஓவர், இன்னும் நான்கு ரன்தான். சென்னை ஆடிக்கொண்டிருந்தது. புனேயில் எங்கள் வீட்டு சோபாவில் சாய்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர், “உங்க ஊரு ஜெயிச்சாச்சு” என்று இந்தியில் சொல்லிவிட்டார். டீசலும் உப்பும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறியது. என் அப்பா, நைனாவின் உள்ளங்கை வாசனை.

சென்னை காசிமேட்டு வீட்டில், மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாத நாட்களில், கிழிந்த வலையை மடியில் போட்டுப் பின்னியபடியே நைனா மேட்ச் பார்ப்பார். ஒருமுறை நான் “ஜெயிச்சிட்டோம் நைனா!” என்று குதித்தேன். அந்தக் கையால் என் வாயைப் பொத்தினார்.

“கம்முனு கெட. போட்டு கர சேர்றதுக்கு மின்னாடி சொன்னா வெளங்குமா?”

படகு திரும்பும்வரை எங்கள் தெருவில் யாரும் மீன்பாடு பற்றி, எவ்வளவு மீன் கிடைத்திருக்கும் என்று பேசமாட்டார்கள். நைனாவுக்குக் கிரிக்கெட்டும் கடல்தான்.

அடுத்த பந்திலேயே விக்கெட் விழுந்தது. உடனே காசிமேட்டிலிருந்து போன்.

“அங்க எவன்மா வாய வச்சது?”

“பக்கத்து வீட்டுக்காரர் நைனா” என்றபடி அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன். அதன்பிறகு போனில் நைனாவின் மூச்சு மட்டும் கேட்டது. கடைசிப் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. அப்பாடா என்று இரண்டு ஊரிலும் ஒன்றாகச் சாய்ந்தோம்.

“இப்போ ஜெயிச்சாச்சுன்னு சொல்லச் சொல்லுமா அந்தாள.”

அதை இந்தியில் சொல்லிப் போனை நீட்டினேன். பாவம் மனுஷன், டிவியை இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.