பாதியாகிப்போன பாரம்

சுன்னிவாவை அலுவலகத்தில் பென்சில்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நார்வேயின் மேற்குக் கரையில், படகுத்துறைகளில் வண்டிகள் படகிலிருந்து கரையேற இரும்புப் பாலங்கள் வடிவமைக்கும் ஏழு பேர் கொண்ட நிறுவனம் அது. மற்றவர்கள் கணினி சொன்ன எண்ணை அப்படியே அறிக்கையில் ஏற்றிவிடுவார்கள். அவள் தாளில் படம் போட்டு, எடை, தூரம், சாய்வு குறித்து, கையால் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுவாள்.

அந்தப் பிப்ரவரியில், ஹெல்விக் துறையில் இருப்பதுபோலவே ஒரு பாலம் வேண்டுமென்று பக்கத்துத் தீவிலிருந்து கேட்டார்கள்.

"ஹெல்விக் அறிக்கையைக் காப்பி அடிச்சிடு. ஒம்பது வருஷமா நிக்குதுல்ல?" என்றான் முதலாளி தோர்கிரிம்.

"நிக்கிறதெல்லாம் சரின்னு அர்த்தமா?" என்று கேட்டபடி சுன்னிவா பென்சிலைச் சீவினாள்.

பாலத்தின் எடை பதினெட்டு டன். ஒரு முனை கரையில் கீலில் மாட்டியிருக்கும். மறு முனையை, கடல் ஏற இறங்க, இரண்டு ஹைட்ராலிக் ஜாக்கிகள் தூக்கிப் பிடிக்கும். எடை கீலிலிருந்து ஆறு மீட்டரில், ஜாக்கிகள் எட்டு மீட்டரில். நேராகத் தூக்கினால் பதிமூன்றரை டன் போதும். ஜாக்கிகள் சாய்ந்து முட்டுக்கொடுப்பதால் அது இருமடங்காகி இருபத்தேழு ஆகும். இரண்டு ஜாக்கியும் பங்கு போட்டால், ஒன்றுக்குப் பதிமூன்றரை. கணினியும் அதையே சொன்னது.

பழைய அறிக்கையைப் புரட்டினாள். ஒரு ஜாக்கிக்கு ஆறே முக்கால் டன் என்றிருந்தது.

இன்று தன்னிடம்தான் பிழை என்று நினைத்து மறுபடி போட்டாள். பதிமூன்றரைதான். பழைய கோப்பைக் கணினியில் திறந்தாள். இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதால் பாதிப் பாலத்தை மட்டும் வரைந்திருந்தார்கள். அந்தப் பாதியின் ஒற்றை ஜாக்கிக்குக் கணினி சரியாகவே பதிமூன்றரை என்று சொல்லியிருந்தது. அறிக்கை எழுதியவர், ஜாக்கி இரண்டாயிற்றே என்று அதை மறுபடி இரண்டால் வகுத்திருந்தார்.

கீழே சுன்னிவாவின் கையெழுத்து. கோடை விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. கைக்கணக்குத் தாள் இல்லவே இல்லை.

"நானா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். தோர்கிரிம் வந்து தோளுக்கு மேலாகப் பார்த்தான்.

"ரெண்டு மடங்கு பாதுகாப்பு வச்சிருப்போம்ல?"

"அதைத்தான் ஒம்பது வருஷமா தின்னுக்கிட்டு இருக்கோம். இப்ப மேல பனி வேற."

மணி ஒன்பதடிக்கப் பத்து நிமிடம். ஒன்பது மணிப் படகில் பள்ளிப் பேருந்து வரும். ஹெல்விக் துறையைப் பார்த்துக்கொள்ளும் ஷூருக்குத் தொலைபேசி செய்தாள்.

"ஷூர், படகைத் திருப்பி அனுப்புங்க. பாலத்துக்கு அடியில யாரும் போகக் கூடாது."

"என்னம்மா விளையாடுறீங்களா? படகு கண்ணுக்குத் தெரியுது!"

"என் கணக்குத் தப்பு. பாலத்து வாயில சங்கிலி போட்டு மறிச்சிட்டு எல்லாரும் விலகுங்க."

அவர் யாரையோ பார்த்துக் கத்துவது கேட்டது. படகு திரும்பியது.

மறுநாள் சோதித்தபோது, இடது ஜாக்கியைப் பாலத்தோடு பிணைக்கும் தண்டில் விரல் நீளத்துக்கு விரிசல். ஷூர் அதைப் பார்த்துவிட்டு அவளிடம், "இதுக்கு அடியில நின்னுதான் தினமும் காபி குடிச்சேன்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

புதிய ஜாக்கிகள் வரும்வரை ஐந்து வாரம் ஊரே மலையைச் சுற்றி இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டியது. தவற்றை அவளே மேற்பார்வை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினாள். ஒரு வருடம் கையெழுத்திடும் உரிமை போயிற்று.

தோர்கிரிம் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அந்த வாரம் வேற எதுலயாவது கையெழுத்துப் போட்டியா?"

மூன்று இருந்தன. ஏப்ரல்வரை உட்கார்ந்து மூன்றையும் கையால் போட்டாள். மூன்றும் சரி. கடைசித் தாளை நீட்டியபோது தோர்கிரிம் பெருமூச்சுவிட்டான். அவளால் விட முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை என்ன அவசரத்தில் இருந்தாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கே வரவில்லை.