விவாதத்துக்கு முன்னும் பின்னும் பாதிக்குப் பாதி

தேயிலை விலை சரிந்து, வாரம் முழுக்க வேலை கொடுக்க முடியாது என்று குன்னூர் அருகே எங்கள் எஸ்டேட் கையை விரித்த நேரம். நான் ஹெட் கிளார்க். தொழிலாளர் கமிட்டித் தலைவர் தேர்தல் என் பொறுப்பு. ஜெயிப்பவர் திட்டத்தையே அமல்படுத்துவதாக மேனேஜர் வாக்களித்திருந்தார்.

போட்டியில் இருவர். செல்லையாவின் திட்டம், எல்லோருக்கும் வாரம் மூன்று நாள் வேலை. பொன்னுசாமியின் திட்டம், டெம்பரவரி பெண்களை நிறுத்திவிட்டு பெர்மனென்ட் ஆட்களுக்கு முழு வாரம்.

"ரெண்டு பேரையும் மேடையேத்துங்க. முன்னாடி ஒருதடவ, பின்னாடி ஒருதடவ ஆளுங்களக் கேளுங்க. பேச்சு எத்தன ஓட்டத் திருப்புதுன்னு பாக்கலாம்" என்றார் மேனேஜர்.

முறைப்படியே செய்தேன். அதே ஆட்கள், அதே கேள்வி, சூப்பர்வைசர் காதுக்கு எட்டாத இடம். முதல்முறை பாதிக்குப் பாதி. டெம்பரவரி பெண்கள் செல்லையாவுக்கு, பெர்மனென்ட் ஆட்கள் பொன்னுசாமிக்கு. இதற்கு சர்வே எதற்கு, கண் போதும்.

மேடையில் பொன்னுசாமி கேட்டார்: "மூணு நாள் வேலைய வெச்சு ஏழு நாள் அடுப்பெரியுமாங்க?"

செல்லையா திருப்பினார்: "பொம்பளைங்க போயிட்டா மேல்சரிவுல யாருண்ணே கொழுந்தெடுப்பா? உங்க முட்டி ஏறுமா?"

கூட்டம் சிரித்தது. மறுபடி கேட்டேன். பாதிக்குப் பாதி.

"பாத்தீங்களா, ஒருத்தரும் மாறல" என்றார் மேனேஜர்.

"கிட்டத்தட்ட எல்லாருமே மாறிட்டாங்க சார்."

எனக்கு ஓய்வு வயது வந்துவிட்டதோ என்று பார்த்தார்.

டெம்பரவரி சரஸ்வதி இப்போது பொன்னுசாமி பக்கம். "அவரு சொன்னது நெசந்தானுங்க. மூணு நாளுக்கு இங்க காத்துக் கெடக்கறதுக்கு, கேத்தியில கேரட் புடுங்கப் போலாமுங்க. நிறுத்திட்டா நிம்மதியாக் கெளம்பிருவேன்."

பெர்மனென்ட் பெருமாள் செல்லையா பக்கம். "அதுக போயிட்டா அந்தச் சரிவு என் தலையிலங்க. மூணு நாளானாலும் அதுக இருக்கோணும்."

தேர்தலில் செல்லையா மயிரிழையில் ஜெயித்தார். எல்லோருக்கும் மூன்று நாள் என்று போர்டில் ஒட்டினேன். திங்கட்கிழமை காலை டெம்பரவரி பெண்கள் கேரட் தோட்டத்து ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

கூடையோடு சரிவின் அடியில் நின்றார் பெருமாள். "ஏனுங்க, அதுக இருக்கோணும்னுதானுங்க ஓட்டுப் போட்டேன்?"

விதிப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. தேர்தல் செல்லும். சர்வேயும் சரி. விவாதம் ஓட்டைத் திருப்புமா என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: கூட்டுத்தொகை அசையவில்லை என்பதால் மனிதர்கள் அசையவில்லை என்று எழுதிவிடாதீர்கள். அசைந்தவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இன்றும் தெரியாது.