நான் அடைத்த வாய்க்கால்

மகளைக் கடலூர்ப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். அவள் வீட்டுக்குப் பின்னால் உப்பங்கழி. போன புயலில் தண்ணீர் அடுப்பு வரை ஏறியது. அதிலிருந்து மழைச் சேதி கேட்டாலே மகளுக்கு போன் போடுவேன்.

அந்த ஊரார் கழியோரம் அலையாத்திச் செடி நட்டார்கள். வளர்ந்துவிட்டால் அலையைத் தடுக்கும், மண்ணைப் பிடிக்கும் என்றார்கள். போன தை மாதம் நானும் போய், செடிக்குக் கழித் தண்ணீர் வரப் பத்து நாள் வாய்க்கால் வெட்டினேன். மண்வெட்டி எனக்குப் பழக்கம்தான்.

கடைசி நாள் மத்தியானம், மகள் வீட்டுக்கு நேராக வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் திரும்பிக் கழிக்கே ஓடியது. வறண்ட எங்கள் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஓடுகிற தண்ணீரை யாரும் சும்மா விடமாட்டோம். யாரையும் கேட்கவில்லை. நாலு கூடை மண் போட்டு வாயை அடைத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

சில வாரம் கழித்து, பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி இறக்கும்போது மகள் போன் செய்தாள்.

"அம்மா, எங்க வூட்டுக்கு நேரா செடியெல்லாம் கருகுது. யாரோ வாய்க்காலை அடைச்சிட்டாங்க."

"நான்தான்."



"ஏம்மா?"

"தண்ணி வெளிய போச்சு."

"போவணும்மா. கடல் தண்ணி ஏறும், எறங்கும். உள்ளயே நின்னா வெயில்ல சுண்டி உப்பு ஏறிடும்."

மறுநாளே போனேன். அவள் மாமியார் ஊர்க்காரர்களோடு சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி. கடலையும் உங்கூரு ஏரி மாதிரி கட்டிப்போடப் பாத்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போட்ட மண்ணை நானே வெட்டி எடுத்தேன். பாதிச் செடி போய்விட்டது. மறுபடி நட்டோம். அவை ஆள் உயரம் வர வருஷங்கள் ஆகுமாம். ஐப்பசிப் புயல் அதுவரை காத்திருக்காது.

"மழை மாசம் மட்டும் நம்மூருக்கு வந்துருடி."

"எல்லாரும் இங்க இருக்காங்க. நான் மட்டும் எப்படிம்மா வர்றது?"

இப்போது ஐப்பசி. தினமும் காலையில் போன் செய்கிறேன். தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று முதலில் சொல்வாள். மற்றதெல்லாம் பிறகுதான். பக்கத்து வாய்க்கால் செடிகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. நான் அடைத்த இடத்தில் இன்னும் நாலு இலைதான். இன்று, வாசற்படிக்கு மூன்று விரல் கீழே என்றாள்.

கடலூர் போக இரண்டு புடவையைப் பையில் வைத்துவிட்டேன்.