நிலையான மக்களுக்குக் குடிநீர்

புத்தளம் நகரத்தில் ஒரு பெரிய கடையில் நான் காசாளராக வேலை பார்த்தேன். கொழும்புக் கம்பனி ஒன்றின் கிளை அது. ஊழியர்கள் சாப்பிடும் அறையின் சுவரில் ஒரு பதாகை மாட்டியிருந்தார்கள். 'பொறுப்புள்ள வியாபாரம்' என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே கம்பனியின் வாக்குறுதிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நீளமான கட்டம். வேலை நடக்க நடக்க அதற்குள் பச்சை மை பூசிக்கொண்டு வருவார்கள். பொலித்தீன் பையைக் குறைப்பது பாதிக்கு வந்திருந்தது. மரம் நடுவது முழுக்கப் பச்சை. நட்ட மரம் உயிரோடு நிற்கிறதா என்று பார்க்கத் தனிக் கட்டம் இல்லாததால் அது சீக்கிரமே நிரம்பிவிட்டது. 'சமூகத்துக்குச் சுத்தமான குடிநீர்' என்ற கட்டம் மட்டும் வெள்ளையாகவே கிடந்தது.

சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போதெல்லாம் நான் அந்த வெள்ளையைத்தான் பார்ப்பேன். நாள் முழுக்கத் தண்ணீர்ப் போத்தல்களை விற்றுவிட்டு நான் திரும்பிப் போன இடத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை.

நாங்கள் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டவர்கள். முஸ்லிம்கள் எல்லோரும் போய்விட வேண்டும் என்று புலிகள் இயக்கம் சொன்னபோது எனக்குப் பதினைந்து வயது. படகேறி வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு, கற்பிட்டி வீதிக்கு உள்ளே ஒரு தென்னந்தோட்டத்தின் ஓரத்தில் ஓலைக் கொட்டில்கள் போட்டோம். நான் சொல்லப்போகும் விஷயம் நடந்தபோது அந்தக் கொஞ்ச நாள் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. முகாமின் கிணறு உவர். குளிக்கலாம், துவைக்கலாம், குடிக்க முடியாது. தண்ணீர் ஏற்றிவரும் பவுசர் வந்தால் வரும். வராத நாளில் முக்கால் மைல் நடந்துபோய் ஒரு தோட்டத்துக் கிணற்றில் அள்ள வேண்டும். அங்கே ஊர்ப் பெண்கள் தங்கள் குடங்கள் நிரம்பும்வரை எங்களை வெயிலில் நிற்க வைப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. பன்னிரண்டு வருடம் யார்தான் விருந்தாளியைத் தாங்குவார்கள்?

பக்கத்துக் கொட்டிலில் இருந்தவரை நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன். சொந்தம் இல்லை, ஒரே படகில் வந்தவர். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. வலி எடுத்தால் பாயில் சுருண்டு கிடப்பார். நல்ல தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிட்னி பழுதாகிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மருந்து என்றால் எப்படியாவது தேடிவிடலாம். தண்ணீருக்கு எங்கே போவது? முக்கால் மைல் குடம் சுமக்க அவரால் முடியாது. வேலைக்குக் கிளம்புமுன் நான் ஒரு குடம் கொண்டுவந்து வைப்பேன். அதை அவர் நாள் முழுக்க மிச்சம் பிடித்துப் பிடித்துக் குடிப்பார்.

அந்த வெள்ளைக் கட்டத்தை நிரப்ப ஒரு நாள் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். சிங்களப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். தண்ணீர் இல்லாத இடம் எது என்று மனேஜரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கல்லாவை அடுத்த பிள்ளையிடம் விட்டுவிட்டு நேரே போய், "எங்கட முகாமுக்கு வந்து பாருங்க மிஸ்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். வந்தார். கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்துத் துப்பினார். ராத்தாவின் பாயோரம் உட்கார்ந்து அவர் கதையைக் கேட்டு அழுதார். பொய் அழுகை அல்ல. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்றைக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

திட்டம் சுருக்கமாக இதுதான்: நல்ல ஊற்றுள்ள தோட்டத்திலிருந்து குழாய் போட்டு, முகாமின் நடுவில் ஒரு தாங்கி கட்டி, நான்கு பைப் வைப்பது. மிஸ் கடதாசியில் படம் கீறிக் காட்டினார். ராத்தாவின் கொட்டிலுக்கும் பைப்புக்கும் நடுவில் இருபது அடிதான். ராத்தா அந்தப் படத்தை வாங்கி ஓலைச் செத்தைச் சுவரில் செருகி வைத்துக்கொண்டார்.

அது யுத்த நிறுத்தக் காலம். பாதை திறந்து, ஆட்கள் பஸ் ஏறிப் போய்த் தங்கள் வீடு வளவுகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ராத்தாவும் என் உம்மாவோடு போய்வந்தார். மறுநாள் கிணற்றடியில் எல்லோரும் சுற்றி நின்று கேட்க, "வீடு நிக்குது. கதவு ஜன்னல்தான் இல்ல" என்றார். உம்மா வீட்டுக்குள் வந்து எனக்கு மட்டும் சொன்னார். "அவட வளவில வெறும் நிலந்தான் கிடக்கு. சுவர்கூட இல்ல. நீ ஒண்டும் கேக்காத." நான் கேட்கவில்லை. முகாமில் பாதிப் பேரின் வீடு அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது.

மிஸ் இரண்டாம் தரம் கடைக்கு வந்தபோது ஒரு படிவம் கொண்டுவந்தார். தலைமைக் காரியாலயம் கேட்கும் கேள்விகள். அதில் ஒன்று: பயனாளிகள் குறைந்தது பத்து வருடங்களாவது அதே இடத்தில் வசிப்பார்களா? ஒரு திட்டத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஆட்கள் எழும்பிப் போய்விட்டால் அது வீண்செலவாம். நிலையான சமூகங்களுக்குத்தான் உதவ வேண்டுமாம். "இது சும்மா ஒரு வழமை நங்கி. ஆனால் அவர்கள் வாயால் வர வேண்டும். நாளை மறுநாள் கூட்டத்தில் நானே கேட்கிறேன், நீ மொழிபெயர்த்துவிடு" என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை.

எனக்கு இரண்டு நாள் இருந்தது. முகாமுக்குப் போய்க் கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்கி, "கூட்டத்தில கேட்டா, நாங்க இங்கதான் இருப்பம், ஊருக்குப் போகமாட்டம் எண்டு சொல்லுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். ராத்தாவின் வாசல்வரை போனேன். பாயில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மன்னாரில் கிணறு எந்தப் பக்கம் தோண்டலாம் என்று என்னிடம் பேசத் தொடங்கினார். அந்த மனிசியிடம் போய், ஊருக்குப் போகமாட்டேன் என்று சொல் என்று எந்த வாயால் சொல்வது? இங்கேயே இருக்கிறோம் என்று சொன்னவர்களின் ஊர்ப் பதிவை மன்னாரில் வெட்டிவிடுவார்கள், காணி போய்விடும் என்று ஒரு கதையும் அப்போது முகாமில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கீரையைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்ப்பாளர் என்ற மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன் என்று மிஸ் மனேஜரிடம் என்னைப் புகழ்ந்திருந்தார். அந்தப் புகழ்ச்சி என் தலையில் ஏறியிருந்தது.

கூட்டம் முகாம் பள்ளிக்கூடத்துக் கூரைக்கடியில் நடந்தது. பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கம்பனியின் படப்பிடிப்பாளர் ஒருவர் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். கடைசியில் மிஸ் படிவக் கேள்வியைத் தன் சொல்லில் மாற்றிச் சிரித்த முகத்தோடு கேட்டார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். "சமாதானம் வந்தா நீங்க எல்லாரும் சொந்த ஊருக்குத் திரும்பிப் போவீங்களா எண்டு மிஸ் கேக்குறா. போறவங்க கையத் தூக்குங்க."

முதலில் தூக்கியது ராத்தா. பிறகு என் உம்மா. பிறகு ஒரு கை மிச்சமில்லாமல் எல்லாக் கைகளும். இங்கேயே பிறந்த பிள்ளைகளை மடியில் வைத்திருந்தவர்களும், இங்கே கல்யாணம் முடித்தவர்களும் தூக்கினார்கள். "ஓம், போவம்! இன்ஷா அல்லாஹ் போவம்!" என்று ஒரே சத்தம். சிலர் அழுதார்கள். மிஸ்ஸும் கண்ணைத் துடைத்தார். படப்பிடிப்பாளர் கதிரையில் ஏறி நின்று படம் எடுத்தார். என் கையும் மேலேதான் இருந்தது. எப்போது தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. தூக்கிய பிறகுதான் படிவம் ஞாபகம் வந்தது.

இரண்டு கிழமை கழித்து மிஸ் தொலைபேசியில் பேசினார். திட்டம் சரிவந்துவிட்டதாம். ஆனால் இடம் மாறியிருக்கிறதாம். முகாமிலிருந்து இரண்டு மைல் தள்ளி, தலவிலத் தேவாலயத் திருநாளுக்கு ஆட்கள் போகும் பெருவீதிச் சந்தியில். அங்கே நிலையான குடும்பங்கள் இருக்கின்றன, யாத்திரிகர்களும் குடிப்பார்கள், கம்பனியின் பெயர்ப் பலகையும் எல்லோர் கண்ணிலும் படும். அந்தச் சந்தியில் வீட்டுக்கு வீடு நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர், "நீங்கள் எல்லோரும் ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் இருக்கிறீர்கள்தானே நங்கி" என்றார். அதன்பிறகு பலகையில் எழுதத் தமிழில் நல்ல வாசகம் ஒன்று வேண்டும் என்று கேட்டார்.

எழுதிக் கொடுத்தேன். 'இப்பிரதேச மக்களின் தாகம் தீர்க்க அன்புடன் வழங்கப்பட்டது.' ஒரு பிழையில்லாமல் எழுதினேன். வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை.

திறப்பு விழாவுக்குக் கூட்டம் போதாது என்று எங்கள் முகாம் பெண்களைக் கம்பனி லொறி அனுப்பி ஏற்றிப் போனார்கள். ஆளுக்கொரு துணிப்பை, ஒரு தண்ணீர்ப் போத்தல். துணிப்பை பொலித்தீன் கட்டத்துக்கு, தாங்கி தண்ணீர்க் கட்டத்துக்கு. ஒரே நாளில் இரண்டு வாக்குறுதியும் முன்னேறின. ராத்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு பைப்படிக்குப் போய்க் குடித்துப் பார்த்தார். "நல்ல தண்ணி" என்றார். போத்தலை நிரப்பிக்கொண்டு லொறியில் ஏறினார். மறுநாள் எங்கள் சாப்பாட்டு அறையில் மனேஜர் ஸ்டூலில் ஏறிக் தண்ணீர்க் கட்டத்தைப் பச்சையாக்கினார். நாங்கள் கை தட்டினோம். நான் சோற்றுப் பார்சலை அவிழ்க்காமலே கல்லாவுக்குத் திரும்பினேன்.

அந்த வருட முடிவில் கம்பனியின் பொறுப்பு அறிக்கை வந்தது. வழுவழுத்த தாளில் ஆங்கிலப் புத்தகம். தண்ணீர்ப் பக்கத்தில் ஒரு பெரிய படம்: ஓலைக் கூரைக்கடியில் கை தூக்கிய எங்கள் பெண்கள். கீழே, 'எமது குடிநீர்த் திட்டத்தை ஒருமனதாக வரவேற்கும் சமூகம்' என்று ஆங்கிலத்தில். நான் அதை ராத்தாவிடம் கொண்டுபோனேன். அவர் தன் முகத்தைத் தேடிப் பிடித்து, "கறுப்பா விழுந்திருக்கன்" என்றார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"ஓம் எண்டுதானே சொன்னம்" என்று சிரித்தார். "எதுக்கு ஓம் எண்டது அவங்களுக்குத் தெரியாது, பாவம்."

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் படிவத்தைப் பற்றி முழுவதும் சொல்லிவிட்டேன். அவர் புத்தகத்தை மூடினார்.

"அப்ப நீ தெரிஞ்சுதான் கேட்டியா?"

"ஓம் ராத்தா."

"முன்னாலயே தெரியுமா?"

"ரெண்டு நாளைக்கு முன்னால. உங்களிட்ட வந்தன். ஊருக்குப் போகமாட்டன் எண்டு உங்கள எப்படிச் சொல்லச் சொல்லுறது? உங்கட மனசு உடைஞ்சிடும் எண்டு..."

"என்ட மனசு!" என்றார். அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒருதரந்தான். "சொல்லியிருந்தா கைய மடியில வச்சிருப்பன், புள்ள. எனக்குப் பொய் சொல்லத் தெரியாதா? வீடு நிக்குது எண்டு இந்த முகாமுக்கே சொன்னவள் நான். தண்ணிக்காக ஒரு பொய் சொல்லமாட்டனா?"

அவர் மனதைக் காப்பாற்றுகிறேன் என்று நான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தேவைப்பட்டது தண்ணீர்.

பிறகும் காலையில் அவருக்குக் குடம் கொண்டுபோனேன். வாங்கிக்கொள்வார். பேச்சு முன்போல் இல்லை. யுத்தம் மறுபடி தொடங்கி, பாதை மூடி, ஊருக்குப் போவது என்ற கதையே முகாமில் நின்றுவிட்டது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி ராத்தா ஒரு கடும் வெயில் காலத்தில் மவுத்தானார். கூட்டம் நடந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை. எங்கள் கிணறு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. மையித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாமல், பள்ளிவாசல் ஆட்கள் சந்திக்குப் போய்க் கேட்டார்கள். அந்த ஊரார் நல்லவர்கள். உடனே கம்பனித் தாங்கியிலிருந்து நாலு பீப்பாய் நிரப்பி லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் அனுப்பிவைத்தார்கள்.

குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. தண்ணீர் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. ஜனாஸாவை ஆண்கள் தூக்கிக்கொண்டு ஒழுங்கை திரும்பியபோது ஒரு பீப்பாய் முழுக்க மிஞ்சியிருந்தது. அதை யார் எடுப்பது என்று இரண்டு பெண்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். பெரியவர் ஒருவர் வந்து, எல்லோருக்கும் பிரித்துக் கொடுங்கள் என்றார். நானும் வீட்டுக்குள் போய் எங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றேன்.